என் குரலில் கத்திய பையன்

போன தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களில் ஒரு ஞாயிறு, நான் கோயிலில் எடுக்கிற மறைக்கல்வி வகுப்புக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போனேன். காலைப் பூசை முடிகிற நேரத்தில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் தேடுவதே ஒரு தவம்தான். ஹெல்மெட்டைக் கழற்றியபடி மண்டபப் படியில் கால் வைக்கிறேன், உள்ளே யாரோ கத்துகிறார்கள்.

"ஒருக்கா சொன்னா விளங்காதா? மண்டைக்குள்ள என்ன, தேங்காய்ப்பூவா?"

தொடர்ந்து மேசையில் படாரென்று ஒரு அடி. சின்னப் பிள்ளைகள் கப்சிப். பின்வரிசையில் பெரிய பிள்ளைகளின் சிரிப்பு.

கத்தியது என் வகுப்பு மொனிட்டர், தரம் எட்டில் படிக்கிற பையன். நான் வரும்வரை முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கத் தயாராகிற வகுப்புக் குட்டிகளை ஒழுங்காக உட்கார வைக்கும்படி அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். அவன் கையில் இருந்தது என் வருகைப் பதிவேடு. வசனமும் என்னுடையது. "மண்டைக்குள்ள" என்ற இடத்தில் குரல் ஏறுவதும் "தேங்காய்ப்பூவா"வில் அது மூக்கு வழியாக இறங்குவதும் அப்படியே நான். பதிவேட்டை மேசையில் அடிப்பதற்கு முன் ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்தி வைப்பேன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பெரியவர்கள் சிரித்தது அதற்காக. வெள்ளை ரிப்பன் கட்டிய ஒரு குட்டிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தன் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து "குட் மோர்னிங் சேர்" என்றார்கள். நானும் ஒன்றும் நடக்காதது போலப் பாடத்தைத் தொடங்கினேன். அன்றைய பாடம் என்ன என்று இப்போது ஞாபகமில்லை. சாந்தகுணம் பற்றியது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும், ஆனால் அது பொய்யாகிவிடும்.

எனக்குக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் வேலை. கிழமை நாட்களில் சுங்கப் பத்திரங்களோடு மல்லுக்கட்டு. ஞாயிறு காலைகளில் 12 வருஷமாக இந்த மண்டபம். சம்பளம் கிடையாது, வருஷக் கடைசியில் ஒரு மதியச் சாப்பாடும் ஒரு கலண்டரும் கிடைக்கும். இலங்கைக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக: இங்கே சமயம் பாடசாலைப் பாடம். சாதாரணதரப் பரீட்சையில் கணிதம், விஞ்ஞானம் போல அதுவும் கட்டாயம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கம், மற்றச் சபைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவம் என்று தனித்தனிப் புத்தகம், தனித்தனி வினாத்தாள். அது போக, ஞாயிறில் கோயிலில் மறைக்கல்வி. அங்கிலிக்கன், மெதடிஸ்த பிள்ளைகள் அதை ஞாயிறு பாடசாலை என்பார்கள். ஆக, வாரம் முழுக்க யாராவது ஒருவர் ஒரு பிள்ளைக்குப் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

பெற்றோர் எங்களிடம் கேட்பதும் அதைத்தான். "சேர், கொஞ்சம் ஒழுக்கம் பழக்கி விடுங்க." லோண்டரியில் உடுப்பைக் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி விட்டுவிட்டுப் போவார்கள், ஒன்பதரைக்கு ரியூஷன் இருக்கிறது, அதற்குள் தந்துவிட வேண்டும். நானும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டவன்தான். கத்தினால் அமைதி வருகிறது, அமைதி வந்தால் ஒழுக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கணக்கை நான் எங்கே படித்தேன் என்று யோசித்தால் பாடசாலை நாட்களுக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் பாடசாலையில் சமய பாட நேரம் வந்தால் வகுப்பு உடையும். சைவப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். நாங்கள் பதினைந்து பேர் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு படிக்கட்டின் கீழே போவோம், அதுதான் கத்தோலிக்க வகுப்பு. அங்கே படிப்பித்த சேரிடம் பிரம்பு இருந்தது. கட்டளைகளை வரிசை மாறிச் சொன்னால் ஒன்று, வரியை விட்டால் இரண்டு. 2005இல் கல்வி அமைச்சின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்து பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று சொன்னது எங்களுக்கு மிகவும் பிந்திய செய்தி. ஆனால் அந்த அடி இன்றைக்கு எனக்கு வலிக்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் அடித்தார்கள், அடித்தவர்களில் நல்ல மனிதர்களும் இருந்தார்கள்.

வேறொரு நாள்தான் மனதில் நிற்கிறது. அடுத்த நாள் மேற்பார்வைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. அந்தத் தவணையில் பாதிப் பாடவேளைகளில் அவர் எங்கள் முன்னால் தன் ரியூஷன் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார், எங்கள் கொப்பிகள் வெறுமை. அவசரமாகக் கரும்பலகையில் குறிப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பழைய திகதி போட்டு, அப்படியே எழுதச் சொன்னார். இரண்டு நிற மை பாவித்தால் நம்பும்படி இருக்கும் என்று யோசனையும் சொன்னார். நான் நீலத்தில் ஒரு பக்கம், கறுப்பில் ஒரு பக்கம் எழுதினேன். அதில் ஒரு பக்கம் எட்டாம் கட்டளை. பொய்ச்சாட்சி சொல்லாதே. நான்கு கிழமைக்கு முந்திய திகதியில்.

அந்த வயதில் இதில் எனக்கு வேடிக்கை மட்டும்தான் தெரிந்தது. அடுத்த வருஷம் முன்னேற்ற அறிக்கையில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டபோது கை நடுங்கவில்லை. வேறு நிற மையில் போட வேண்டும் என்பதுகூட ஞாபகம் இருந்தது. அந்தச் சேரின் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அவர் எழுந்து போனால் அதே படிக்கட்டின் கீழே சண்டை, கள்ளம், கெட்ட வார்த்தை எல்லாம் நடக்கும்.

மோசேயின் இருக்கையில் இருந்து போதிப்பவர்கள் சொல்வதைச் செய்யுங்கள், அவர்கள் செய்வதைச் செய்யாதீர்கள் என்று இயேசு சொன்னதாக மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர் அதைப் பெரியவர்களுக்குச் சொன்னார் என்று நினைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு வயதில் அப்படிப் பிரித்தெடுக்க யாருக்கு முடியும்? பிள்ளைகளுக்குச் சொல்வதும் செய்வதும் ஒரே பொட்டலமாகத்தான் போய்ச் சேருகிறது. சொன்னது வழியில் கொட்டிவிடும், செய்தது மிஞ்சும்.

இனி டீச்சர்.

டீச்சர் என்றால் எங்கள் பங்கில், எங்கள் கோயிலைச் சேர்ந்த சனத்தில், பழையவர்களுக்கு ஒரே ஒரு ஆள்தான். எட்டாம் வகுப்புவரை படித்தவர். வீட்டில் சாரிச் சட்டை தைத்துக் குடும்பத்தைப் பார்த்தவர். வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. ஞாயிறில் எங்களுக்கு முன்பே வந்து மண்டபத்தைக் கூட்டி முடித்திருப்பார். விளக்குமாற்றை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார், நாங்கள் கேட்டதுமில்லை.

1988ஆம் ஆண்டு, ஒக்டோபரில் வருகிற மிசன் ஞாயிறு. தூர தேசத்து மிசன் வேலைக்காகப் பிள்ளைகளிடம் சேர்த்த காசில் 25 ரூபாய் குறைந்தது. கடைசியாகக் கதவைப் பூட்டியவன் நான். டீச்சர் எல்லோர் முன்னாலும், "மகன், நீ எடுத்தியா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, ஏசவில்லை, கேட்டார், அவ்வளவுதான். நான் எடுக்கவில்லை. ஆனால் எடுத்தவனைப் போல அழுதேன், அது போதுமாக இருந்தது. அந்தக் கிழமை முழுக்க என் பெயர் இருபத்தைந்து.

அடுத்த ஞாயிறு அவர் என்னை எழுந்து முன்னால் வரச் சொன்னார். போனேன். தானும் என் பக்கத்தில் வந்து, பிள்ளைகளைப் பார்த்து நின்றார். காசு அவருடைய தையல் பையின் அடியில், ஊசி டப்பாவுக்குள் இருந்ததாம். எண்ணும்போது அவரே வைத்து மறந்துவிட்டார். "பிழை என்னில. இந்தப் பிள்ளையில இல்ல. பிழை என்னில" என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "மகன், என்னை மன்னிப்பியா?" என்றார். நான் என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. பெரிய ஆள் ஒருவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்பதை அந்த மண்டபத்தில் ஒருவரும் அதுவரை கண்டதில்லை. அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவிடமும் அதையே சொல்லி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த நாளிலிருந்து மண்டபமே திருந்திவிட்டது என்று எழுதப் போவதில்லை. நாங்கள் செய்தது நக்கல். கோயில் வளவில் கிரிக்கெட் விளையாடும்போது கைக்கு வந்த பிடியைத் தவற விட்டால், குடையை ஊன்றுவது போல மட்டையை ஊன்றி, டீச்சரின் குரலில் "பிழை என்னில, பிழை என்னில" என்போம். எல்லோரும் சிரிப்பார்கள். மாதக் கணக்கில் அந்தப் பகிடி ஓடியது. ஓடி ஓடி, ஒரு கட்டத்தில் யாரும் சிரிப்பதில்லை, ஆனால் வார்த்தை மட்டும் நின்றுவிட்டது. ரன் அவுட் ஆக்கியவன் தானாகச் சொல்வான். பந்தால் கண்ணாடியை உடைத்தவன் ஃபாதரிடம் போய்ச் சொன்னான். இன்றைக்கும் ஒஃபிசில் பத்திரத்தில் இலக்கம் மாறிப் போனால் என் வாயில் முதலில் வருவது அதுதான். மனேஜருக்கு ஏன் நான் இவ்வளவு கெதியாக ஒத்துக்கொள்கிறேன் என்று விளங்குவதில்லை.

டீச்சரிடம் படித்தவர்கள் எல்லோரும் நல்லாய் வந்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். எங்களோடு விளையாடிய ஒருவன் குடுவுக்கு, ஹெரோயினுக்கு, அடிமையாகி, சிறைக்கும் வீட்டுக்குமாக அலைகிறான். டீச்சர் நல்லவர், அவன் அப்படிப் போனான். இரண்டும் உண்மை.

அவருடைய ஒழுங்கு எப்படி வேலை செய்தது என்பதை நான் பெரியவனான பிறகுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். இலங்கைக்குக் கிடைத்த முதல் புனிதர், கேட்கவா வேண்டும்? முந்திய நாளே சனம் போய் இடம் பிடித்தது. எங்கள் பங்கிலிருந்து பிள்ளைகளோடு நானும் டீச்சரும் போனோம். நான் விசிலும் கையுமாக, "வரிசை, வரிசை" என்று தொண்டை கிழியக் கத்தினேன். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பொத்தானைக் கொடுத்தார். எல்லாம் ஒரே மாதிரி, நீலச் சட்டைப் பொத்தான். "இது எனக்குத் திரும்ப வேணும், ஒரு சட்டைக்கு வைச்சிருக்கிறன்" என்றார். இரவு முழுக்க அந்தக் கடற்காற்றில் பிள்ளைகள் தாங்களாகவே வந்து வந்து, "டீச்சர், பொத்தான் இருக்கு" என்று காட்டிவிட்டுப் போனார்கள். விடிந்து, பூசையும் முடிந்து, திரும்பி வரும்போது எல்லாப் பொத்தானும் வந்து சேர்ந்தது. நான் எண்ணியதில் இரண்டு பிள்ளைகள் குறைந்தார்கள், அவர்கள் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்கள்.

அப்புறம் 2019. ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. இஸ்லாமியத் தீவிரவாதிகள் தேவாலயங்களில் குண்டு வெடிக்க வைத்த நாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்களுக்கு நடந்து போகிற தூரம். அதைப் பற்றி நான் இங்கே நிறைய எழுதப் போவதில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் செத்தார்கள் என்பதை மறைக்கல்வி வகுப்பு எடுக்கிற எவராலும் மறக்க முடியாது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பல கிழமை கழித்து வகுப்பு திரும்பத் தொடங்கியது. வாசலில் துவக்கோடு காவல், பைகளைத் திறந்து காட்டித்தான் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அன்றைக்குப் பதினாலு வயதுப் பையன் ஒருவன் எழுந்து முஸ்லிம் ஆட்களைப் பற்றி ஒன்று சொன்னான். எதைச் சொல்லியிருப்பான் என்று ஊகிப்பது கஷ்டமில்லை, அந்த நாட்களில் வீடுகளில் பெரியவர்கள் பேசியதுதான். நான் வாயைத் திறக்கவில்லை. கோபத்தில் இருந்த நேரம், அவனோடு முழுதாக முரண்படவும் எனக்கு மனம் வரவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

டீச்சர் அப்போது வகுப்பு எடுப்பதை விட்டிருந்தார். முழங்கால் வருத்தம். ஆனால் ஞாயிறில் வந்து யன்னல் பக்கம் உட்கார்ந்து முதல் நன்மைச் சட்டைகளைத் தைத்துக் கொடுப்பார். அவரும் ஒன்றும் பேசவில்லை. வகுப்பு முடிந்ததும் அந்தப் பையனையே கூப்பிட்டு, "மகன், குடையைப் பிடிச்சுக்கொண்டு வா, நூல் வாங்க வேணும்" என்றார். சந்தியில் ஒரு நானாவின் கடை, முஸ்லிம் ஆட்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நூல், பொத்தான், பிஸ்கட், எல்லாம் இருக்கும். டீச்சர் முப்பது வருஷ வாடிக்கை. அந்த மாதத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் அந்தக் கடைக்குப் போகவில்லை, நானும்தான். டீச்சர் போய் இரண்டு ரீல் வெள்ளை நூல் வாங்கி, நானாவின் தாயாருக்குக் கண் ஒப்பரேஷன் செய்தது எப்படி என்று விசாரித்து, பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கி, மிச்சக் காசை எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டார். பையன் குடையோடு நின்றான். நானா அவனுக்கும் ஒரு டொபி கொடுத்தாராம். வாங்கினானா இல்லையா என்று டீச்சர் எனக்குச் சொல்லவில்லை.

ஏன் அவனை ஒன்றும் கேட்கவில்லை என்று நான் கேட்டேன். "கேட்டா எனக்குப் பதில் சொல்லுவான். கடையில யாருக்குப் பதில் சொல்லுவான்?" என்றார்.

எங்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், ஏழைப் பையன்களுக்காக உழைத்த குருவான தொன் போஸ்கோ பற்றிச் சொன்னார்கள். இத்தாலியில் தூரின் நகரம், 1841 டிசம்பர் 8. அவர் குருவாகி ஆறு மாதம். பூசைக்கு உடுத்திக்கொண்டிருக்கிறார், குளிருக்கு ஒதுங்கிய ஒரு பையன் உள்ளே வந்து நிற்கிறான். பூசைக்கு உதவி செய்யச் சொல்கிறான் கோயில் வேலைகளைப் பார்க்கிற சக்கிறிஸ்தியார். தெரியாது என்கிறான் பையன். தெரியாவிட்டால் ஏன் வந்தாய் என்று அடித்துத் துரத்துகிறான். தொன் போஸ்கோ அடித்தவனையே அனுப்பிப் பையனைத் திரும்பக் கூப்பிடுகிறார். தாய் தகப்பன் இல்லை, எழுத வாசிக்கத் தெரியாது. பாடத் தெரியுமா? தெரியாது. விசில் அடிக்கத் தெரியுமா? அங்கேதான் அந்தப் பையன் சிரித்தானாம். அன்றைக்கு அவனுக்கு அவர் மறைக்கல்வி தொடங்கினார், அந்த ஒரு பையனிலிருந்து அவருடைய முழு வேலையும் வளர்ந்தது.

நான் இந்தக் கதையைக் குறிப்பெடுத்து, பிள்ளைகளுக்கும் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் நான் தொன் போஸ்கோ. அந்த ஞாயிறு படியில் நின்று என் குரலைக் கேட்ட பிறகுதான் கதையில் இன்னொரு ஆளும் இருக்கிறானே என்று உறைத்தது.

அடுத்த கிழமை நேரத்துக்கு முன்பே போனேன். பிள்ளைகள் உட்கார்ந்ததும், பாடத்துக்கு முன் சொல்லிவிடுவோம் என்று எழுந்தேன். சுங்க அதிகாரிகளிடம் வாதாடுகிற வாய், வரவில்லை. காது சுட்டது. "போன கிழமை மொனிட்டர் சின்னப் பிள்ளைகளை ஏசினது நான் பழக்கினது. பிழை என்னில" என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். மொனிட்டர் தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளை ரிப்பன் கையை உயர்த்தி, "சேர், அப்ப இனி கொப்பியால மேசைக்கு அடிக்க மாட்டீங்களா?" என்றாள். "பார்ப்பம்" என்றேன். இரண்டு கிழமைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பதிவேடு அந்தரத்தில் ஏறி நின்றபோது பின்வரிசை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெதுவாகக் கீழே வைத்தேன். அவர்கள் சிரித்தார்கள், சரி, நானும் சிரித்தேன்.

அன்று வகுப்பு முடிந்து மழை. ரியூஷனுக்கு ஓட வேண்டியவர்களும் போக முடியாமல் நின்றார்கள். நான் மொனிட்டரைக் கூப்பிட்டு, என்னைத் தவிர வேறு யாரை நடிப்பாய் என்று கேட்டேன். முதலில் வெட்கப்பட்டான். பிறகு மைக்கைத் தட்டிப் பார்க்கிற ஃபாதரைச் செய்தான். புறக்கோட்டை பஸ் கண்டக்டரைச் செய்தான். மண்டபம் அதிர்ந்தது. அப்புறம் மூலையில் சாத்தியிருந்த கறுப்புக் குடையை எடுத்து ஊன்றிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து நடந்து போய், வெள்ளை ரிப்பனின் முன்னால் குனிந்து, நடுங்குகிற குரலில், "மகள், என்னை மன்னிப்பியா? பிழை என்னில" என்றான்.

எல்லோரும் யன்னல் பக்கம் திரும்பினோம்.

"வலது கால் இல்ல மகன், இடது" என்றார் டீச்சர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.